தலை காயட்டும்

எனக்குக் கைராசி இருக்கிறது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஊர்தான் சொன்னது. கல்முனைக்குடியில் என் சலூனில் தலை செய்துகொண்டு போன மணப்பெண்கள் எல்லோரும் புருசன்மாரோடு சந்தோசமாக இருக்கிறார்களாம், கெதியில் பிள்ளை உண்டாகிறதாம், மாமிமார் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களாம். எல்லாம் றபீக்காவின் கைராசியாம்! கேட்க நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், சாய்ந்தமருதிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் ஓட்டோ பிடித்து வந்து, "ஒங்கட கைதான் எங்கட புள்ளட தலயில படோணும்" என்று வாசலில் நின்றால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் ஊர் எதையும் சும்மா தராது. கலியாணம் இனித்தவள் புருசனோடு அறுகம்பைக் கடற்கரைக்குப் போய்ப் படம் எடுத்து முகப்புத்தகத்தில் போடுவாள். கசந்தவள் நேரே என்னிடம் வருவாள். புருசன் கட்டாரிலிருந்து போன் எடுப்பதில்லை என்று ஒருத்தி. மாமி ஒவ்வொரு மாதமும் வயிற்றைப் பார்க்கிறா என்று ஒருத்தி. "ராத்தா, ஒங்கட கைதானே எண்ட தலயில பட்ட. ஏன் எனக்கு மட்டும் இப்பிடி?" என்று கேட்பார்கள். அவனுக்கு விசா எடுத்துக் கொடுத்தது நானா என்று வாய்வரை வரும். சொல்ல மாட்டேன். தலை என் கையில் இருக்கிறது, கண்ணீர் காதுக்குள் வழிகிறது, அந்த நேரத்தில் எப்படிச் சண்டை பிடிப்பது?

அதிலும் அந்தப் பேசின் இருக்கிறதே, தலை கழுவுகிற பேசின், அதுதான் பெரிய வில்லங்கம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத் தாய்வீட்டு வளவிலேயே வீடு கட்டிக் கொடுப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ராத்தா, இந்தப் பக்கம் தங்கச்சி, முன்னால் உம்மா. பெருமூச்சு விட்டாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். அப்படிப்பட்டவள் என் கடைக்கு வந்து, திரையை இழுத்துவிட்டு, கழுத்தைப் பேசினில் வைத்துச் சாய்ந்து கண்ணை மூடுகிறாள். இளஞ்சூட்டுத் தண்ணீர் தலையில் ஓடுகிறது. நான் பின்னால் நிற்கிறேன், என் முகம் அவளுக்குத் தெரியாது. அவ்வளவுதான், வாய் தானாகத் திறந்துகொள்ளும். உம்மாவுக்குச் சொல்லாதது, புருசனுக்குச் சொல்லாதது, தொழுகைப் பாயில்கூடச் சத்தமாகச் சொல்லாதது எல்லாம் வரும். தலை துவட்டி எழும்பும்போது, "அப்பாடா, பாரம் குறைஞ்ச மாதிரி இரிக்கி ராத்தா" என்று சிரித்துக்கொண்டு போவார்கள். குறைந்த பாரம் எங்கே போனது என்று ஒருத்தியாவது கேட்டதுண்டா?

அது எனக்குள்ளேதான் கிடந்தது. போன ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு அது வேலையைக் காட்டத் தொடங்கியது. சீப்பை எடுத்தால் கை நடுங்கியது. பேசினுக்குப் பின்னால் நின்றால் நெஞ்சு இடித்தது, மூச்சு முட்டியது. ஒரு நாள் ஒரு பிள்ளையின் தலையில் சம்போ நுரையோடு அப்படியே விட்டுவிட்டுப் பின்னறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். என்னிடம் வேலை செய்கிற உசாந்தினிதான் மிச்சத்தைக் கழுவி முடித்தாள். பாண்டிருப்புப் பிள்ளை, நல்ல பிள்ளை, ஆளை அலட்டாது. கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, நான் இஞ்சதான் நிக்கிறன்" என்று மட்டும் சொன்னாள்.

மாரடைப்பு என்றுதான் நினைத்தேன். என் புருசன் காலிதீன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். டொக்டர் என்ன தொழில் என்று கேட்டார், நித்திரை வருகிறதா என்று கேட்டார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார். காலிதீனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நெல் மூட்டை ஏற்றி இறக்குகிற மனிதருக்கு, அன்றைக்குத்தான் ஏதோ பாரம் தூக்கியவர்போல் வியர்த்துக் கொட்டியது.

"ஆஸ்பத்திரிட பின் கேட்டாலயும் போகேலும் புள்ள. ஆரும் காணமாட்டாங்க" என்றார்.

"களவெடுக்கவா போறன்? முன் கேட்டுலயே எறக்குங்க" என்றேன்.

அந்தக் கிளினிக்கில், காத்திருக்கிற நீட்டு வாங்கில் கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டு இருந்தவர்களில் பாதிப்பேர் வழமையில் முகம் மூடாதவர்கள். எனக்குத் தெரியாதா? முகத்தை மூடினாலும் கைவிரலில் நான் போட்ட மருதோண்டி சிவப்பாக இருக்கிறதே! நான் யாரையும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே ஒரு நேர்ஸ் மிஸ்ஸி இருந்தார், தலை நரைத்த மனுசி. நான் என் தொழிலைச் சொல்லி முடித்ததும் ஒரு கேள்விதான் கேட்டார்.

"மத்தவங்கட தலையெல்லாம் நீங்க கழுவுறீங்க. ஒங்கட தலைய ஆர் கழுவுற?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது வயதுப் பொம்பிளைக்குத் தலை கழுவிவிட ஆள் வேண்டுமா என்று சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கிவிட்டேன். அழுகை நின்ற பிறகு மருந்து தந்தார்கள், புதன்கிழமைக் கிளினிக்குக்குத் தவறாமல் வந்து கதைக்கச் சொன்னார்கள். போனேன், கதைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு இறங்கியது, நித்திரை வந்தது. கை நடுக்கம் நின்று, மணப்பெண்ணின் வகிட்டை ஒரே இழுப்பில் எடுத்த அன்றைக்கு நான் பின்னறையில் நின்று அல்லாஹ்வுக்கு ஷுக்ர் செய்தேன். கையில் இல்லை வருத்தம், மனதில்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இந்த நேரத்தில்தான் அஸ்னாவின் கலியாணம் வந்தது. அஸ்னா எங்கள் தெரு சாபிறாவின் மகள், சின்னதிலிருந்து என்னிடம் முடி வெட்டுகிறவள். மாப்பிள்ளை ஜெஸீம். ஜெஸீமின் உம்மாவும் என் வாடிக்கைக்காரிதான், நரைக்கு மருதோண்டி வைக்க வருவார். மணப்பெண்ணுக்குத் தலை செய்ய நான்தான் வரவேண்டும் என்று கலியாணப் பேச்சுக்கால் முடிந்த அன்றைக்கே சொல்லிவிட்டுப் போனவர். அதே மனுசி சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில், முகத்தைத் திறந்துகொண்டு மனநலக் கிளினிக் வாங்கில் இருந்த என்னைக் கண்டுவிட்டார். கண்டதும் கழுத்தை வெட்டித் திருப்பிக்கொண்டு போனார்.

அந்த வாரமே சாபிறாவையும் இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். அந்த நேரம் வேறு ஆளில்லை. உசாந்தினி கீழே கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"றபீக்கா, ஒங்கள அங்க வாங்குல கண்டன்."

"ஓம் மாமி, நானும் ஒங்களக் கண்டன். சலாம் சொல்ல முந்தி மொகத்தத் திருப்பிட்டீங்களே."

சாபிறா தொண்டையைச் செருமினாள். ஜெஸீமின் உம்மா கதிரையில் இருக்கவுமில்லை. "ஆருக்கும் தொணையாத்தானே போன நீங்க?" என்றார். கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்து நீட்டினார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அன்றைக்கே பிரச்சினை முடிந்திருக்கும்.

"இல்ல மாமி. எனக்குத்தான். மருந்து எடுக்கன்."

"அல்லாஹ்வே, அப்பிடிச் சத்தமாச் சொல்லாதீங்க! பிறசர் எண்டு சொல்லுங்க. ஆரும் கேட்டா நானும் அப்பிடியே சொல்றன். கலியாணம் முடியும்வரைக்கும் அந்தப் பக்கம் போகாம இருங்க. மருந்து குடிக்கிற கையால புதுப்பொண்ணுட தலயத் தொட்டு, நாளைக்கு ஒண்டு கெடக்க ஒண்டு நடந்தா ஆரு பொறுப்பு?"

"சீனிக்குளுசை குடிக்கிற ஒங்கட கையாலதானே மாமி பொண்ணுக்குக் கூறைச்சீலை குடுக்கப் போறீங்க? அதுக்கு ஒண்டும் நடக்காதா?"

"அதுவும் இதுவும் ஒண்டா? சீனி எல்லாருக்கும் வாற வருத்தம். இது விசருக்கு மருந்து."

உசாந்தினி கூட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். பைத்தியமாம்! எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் அந்த மனுசி எதற்கோ அவசரப்பட்டார். "சாபிறா, ஓட்டோக்காரன் நிக்கானா எண்டு பாருங்க" என்று அவளை வெளியே அனுப்பினார். உசாந்தினியைப் பார்த்து, "மகள், ஒரு தண்ணி கொண்டு வாவன்" என்றார். இரண்டு பேரும் போனதும் என் பக்கம் குனிந்தார். குரல் மாறிவிட்டது.

"அங்க போய்... என்னத்தக் கதைக்கிற நீங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கைராசியுமில்லை, ஒரு மண்ணுமில்லை! போன நோன்புப் பெருநாளுக்கு முந்தி இந்த மனுசி அந்தப் பேசினில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு எனக்கு ஒன்று சொன்னார். சொல்லும்போது அவருடைய கால்விரல்கள் செருப்புக்குள் சுருண்டிருந்ததைக்கூட நான் கண்டேன். என்ன சொன்னார் என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். அதை நான் கிளினிக்கில் கொட்டிவிட்டேனோ என்று மனுசி பயந்து செத்துக்கொண்டிருக்கிறார். அவர் ஒருவர் மட்டுமா? என் பேசினில் சாய்ந்த அத்தனை பேருக்கும் இனி இந்தப் பயம்தான் வரும். அவர்களுக்கு வேண்டியது வாய் தைத்த ஒரு றபீக்கா.

பாவமாகவும் இருந்தது. "மாமி, பயப்படாதீங்க" என்றேன். "அங்க நான் என்னப் பத்தித்தான் கதைக்கன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"ஒங்களப் பத்திக் கதைக்க என்ன இரிக்கி?"

அவர் என்னை விசர் என்று சொன்னதுகூட இவ்வளவு சுடவில்லை. எத்தனை வருசம் இந்தத் தலைகளுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன்! என் வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த ஏழாம் நாள் நான் ஒரு கலியாணத்துக்குத் தலை செய்தேன், அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை அது தெரியாது. எனக்குப் பிள்ளை தங்காமல் போனபோது, பிள்ளைத்தாச்சிகளின் தலையைக் கழுவிக்கொண்டு, "மாஷா அல்லாஹ், மொகம் தெளிஞ்சிரிக்கி" என்று சொல்லிக்கொண்டு நின்றேன். கதைக்க என்ன இருக்கிறதாம்!

"நானும் மனிசிதான் மாமி!" கத்தித்தான் சொன்னேன். தண்ணீரோடு வந்த உசாந்தினி கதவடியில் நின்றுவிட்டாள், சாபிறாவும் உள்ளே எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு காலமும் எல்லாரும் வந்து எனக்குள்ள கொட்டிட்டுப் போனீங்க. எனக்குள்ள நீங்க மட்டுமா இரிக்கீங்க? நானும் ஒருத்தி இரிக்கன். அவளக் கதைக்க வைக்கத்தான் போறன். வாற புதனும் போவன். கலியாணத்துக்கு முந்தியும் போவன், பொறவும் போவன்."

"அப்ப ஒங்கட கை எங்களுக்கு வேணாம்" என்றார் ஜெஸீமின் உம்மா.

சாபிறா நிலத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டார் வாய் திறந்துவிட்டால் பெண்ணைப் பெற்றவள் என்ன செய்வாள்? அந்த நொடியில் என் நுனிநாக்கில் அந்தக் கதை வந்து நின்றது. சாபிறா கேட்க ஒரு வரி சொன்னால் போதும், சம்பந்தமே ஆடியிருக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் கோபக்காரிதான், வாய்க்காரிதான். காட்டிக்கொடுக்கிறவள் இல்லை. அவர்கள் ஓட்டோவில் ஏறிப் போனார்கள்.

போனதும் வீராப்பெல்லாம் போய்விட்டது. பின்னறையில் நிலத்தில் இருந்துவிட்டேன், பழைய நடுக்கம் திரும்பி வந்தது. உசாந்தினி முன்னால் குந்தி என் இரண்டு கையையும் பிடித்தாள். "மூச்ச ஆறுதலா இழுங்கக்கா. ஆறுதலா விடுங்க. என்னப் பாருங்க." அவள் சொன்னபடி செய்தேன். பயமாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். கலியாண வேலை போனால் கடை போகும். கடை போனால் உசாந்தினி போவாள். முடிவெட்டையும் மருதோண்டியையும் வைத்து வாடகைக்குக்கூடக் காணாது. பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று மனம் கேட்டது. வீட்டுக்குப் போனால் காலிதீனும் அதையே கேட்டார்.

"பிறசர் எண்டு ஒரு சொல்லு சொல்லிட்டா முடிஞ்சிதே புள்ள?"

"சொல்லலாம். பொறவு அந்த வாங்குல மொகத்தப் பொத்திக்கிட்டு இரிக்கிற ஒவ்வொருத்தியும், றபீக்காவே ஒளிச்சிட்டா, நாங்க எம்மாத்திரம் எண்டு நினைப்பாள். நானும் பின் கேட்டாலதான் போகோணும். போகப் போக ஒரு நாள் போகாமலே விட்டுருவன். அதுக்குப் பொறவு எனக்கு என்னாகும் எண்டு நீங்க கண்டதுதானே?"

புதன்கிழமை காலையில் காலிதீனே மோட்டர்சைக்கிளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, "முன் கேட்டுத்தானே?" என்று கேட்டார். மனுசனுக்கு ஒரு முத்தம் கொடுத்திருப்பேன், தெருவாகப் போய்விட்டது.

அன்றைக்குக் கடைக் கதவில் ஒரு மட்டையை எழுதித் தொங்கவிட்டேன். புதன் காலை கடை பூட்டு, றபீக்கா மனநலக் கிளினிக்குக்குப் போகிறாள், மத்தியானத்துக்குப் பிறகு வரவும். உசாந்தினி அதை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள்.

"அக்கா, காரணமும் எழுதத்தான் வேணுமா?"

"வேணும். இல்லாட்டி ஊர் இரிந்து யோசிச்சு யோசிச்சுக் களைச்சிப் போயிருமே, பாவம்."

மட்டையைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்தார்கள். படம் எடுத்து அனுப்பியவர்களும் இருந்தார்கள். நிந்தவூர்ப் பெண் வீட்டார் கலியாணத் தேதி மாறிவிட்டது என்றார்கள். மாறவில்லை என்று எனக்குத் தெரியும். மருதமுனைக்காரர் காரணமே சொல்லவில்லை, போனையே எடுக்கவில்லை. கடையில் நானும் உசாந்தினியும் கண்ணாடியைத் துடைத்தோம், துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தோம்.

அஸ்னாவின் கலியாணத்துக்கு முதல் நாள் நஸ்மியா எனக்குப் போன் எடுத்தாள். அக்கரைப்பற்றில் சலூன் வைத்திருக்கிறவள். எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. என் மணப்பெண்களின் கொண்டையைப் பார்த்து, "றபீக்கா கொண்டை போடல்ல, குருவிக் கூடு கட்டிரிக்கா" என்று ஊரெல்லாம் சொன்னவள். அவளுடைய மேக்கப்பைச் சுவருக்குச் சுண்ணாம்பு என்று நான் சொன்னேன். அதனால் பேரைக் கண்டதும், பழி தீர்க்கத்தான் எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, "என்னகா, எண்ட கலியாணத்தப் புடிச்சிட்டியாம், சந்தோசமா?" என்று பாய்ந்தேன்.

"பாயாம கேளுகா. ஜெஸீமட உம்மா இப்பதான் சொன்னா, ஒன்ன ஏன் வேணாமெண்ட எண்டு. இவ்வளவு நாளும் ஒனக்கு நேரமில்ல எண்டுதான் எனக்குச் சொல்லிரிந்த."

"சொன்னா என்ன? நீ போய்ச் சுண்ணாம்பு பூசு."

மறுபக்கத்தில் நஸ்மியா அழுகிற சத்தம் கேட்டது. நஸ்மியா! அந்த இரும்பு வாய்க்காரி!

"றபீக்கா, நானும் மருந்து குடிக்கன்கா. ரெண்டு வருசமா. புருசனுக்கு விற்றமின் எண்டு சொல்லிரிக்கன். பொத்துவில்லுக்குப் போய் எடுக்கன், ஊர்ல ஆரும் கண்டிருவாங்க எண்டு. ஒண்ட கதவுல தொங்குற மட்டய எனக்கும் ஆரோ அனுப்பின. அதப் பாத்துட்டு நான் கடையப் பூட்டிட்டு இரிந்து அழுத."

எனக்கும் அழுகை வந்தது, வந்ததை விட்டேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினோம்.

"நாளைக்கு நான் அந்தக் கலியாணத்துக்குப் போறல்ல" என்றாள். "இண்டைக்கு ஒண்ட மணப்பொண்ண நான் எடுத்தா, நாளைக்கு என்னப் பத்தித் தெரிய வந்தா எண்ட மணப்பொண்ண வேறொருத்தி எடுப்பாள். எங்களுக்கு ஒரு நாளும் விடிவில்ல. பொறு, குறூப்புல போடுறன்."

குறூப் என்றால் மருதமுனையிலிருந்து பொத்துவில்வரை மணப்பெண் அலங்காரம் செய்கிற நாங்கள் வைத்திருக்கிற வட்ஸ்அப் குறூப். நல்ல பொய்முடி எங்கே வாங்கலாம், எந்த வீட்டார் சொன்ன நேரத்துக்குத் தயாராக மாட்டார்கள் என்று கதைக்கிற இடம். அதில் நஸ்மியா தன் குரலிலேயே எல்லாவற்றையும் சொன்னாள், விற்றமின் கதையையும் சேர்த்து. பிறகு திருக்கோவில் பக்கத்திலிருந்து ஒருத்தி, தான் கடைக் கக்கூசுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவதாகச் சொன்னாள். இன்னொருத்தி, கலியாணத்துக்கு முதல் நாள் தனக்குச் சோறே இறங்காது என்றாள். ஒரு சின்னப் பிள்ளை, தொழிலுக்கு வந்து வருசமும் முடியவில்லை, "இது எனக்கு மட்டும் எண்டு நினைச்சிட்டிரிந்தன் ராத்தாமாரே" என்று எழுதினாள். அந்த வரியைப் பார்த்து எனக்கு நெஞ்சு பொங்கியது. எவ்வளவு காலம் பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு கொண்டையையும் சுண்ணாம்பையும் பற்றிச் சண்டை பிடித்திருக்கிறோம்! நாளைக்கு அந்த வீட்டுக்கு யாரும் போவதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

அஸ்னாவை நினைத்தபோது மட்டும் எனக்கு உறுத்தியது. அவள் என்ன பாவம் செய்தாள்? அவளுக்குப் போன் எடுத்தேன். "புள்ள, நாளைக்கு ஒங்கட ஊட்டுக்கு ஆரும் வரமாட்டாங்க. ஒன்னோட கோபமில்ல" என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன்.

"தெரியும் ராத்தா. நீங்க கடையிலயே இரிங்க" என்றாள். "நானும் ஆரையும் தலயத் தொட விடாமக் கதிரையில இரிக்கன். எப்பிடியும் ஒங்களத்தான் கூப்பிடோணும்." அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு நெஞ்சுரம் எங்கிருந்து வந்ததோ!

மறுநாள் காலையில் கடையைத் திறந்தோம். தெரு முனையில் கலியாண வீட்டு ஒலிபெருக்கி கேட்டது. நான் சாமான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதும் இருப்பதுமாக இருந்தேன். உசாந்தினி என்னைப் பிடித்துப் பேசின் கதிரையில் இருத்தினாள்.

"சாயுங்கக்கா. இண்டைக்கு நான் ஒங்கட தலையக் கழுவுறன்."

"விசரா பிள்ள ஒனக்கு?"

"ஓம், விசர்தான். அடுத்த புதன் என்னையும் கூட்டிட்டுப் போங்க. இப்ப சாயுங்க."

சாய்ந்தேன். இத்தனை வருசத்தில் என் சொந்தப் பேசினில் நான் கழுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. விளிம்பு குளிராக இருந்தது. தண்ணீர் இளஞ்சூடாக ஓடியது. உசாந்தினியின் விரல்கள் பிடரியிலிருந்து மேலே ஏறின, அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. கண் தானாக மூடிக்கொண்டது. ஓ, இதனால்தானா இந்தப் பொம்பிளைகள் எல்லாம் கதைத்தார்கள்! எனக்கும் வாய் திறந்துகொண்டது. தங்காமல் போன பிள்ளைக்கு நான் பேர் யோசித்து வைத்திருந்ததை அவளுக்குச் சொன்னேன். காலிதீனுக்குக்கூட அது தெரியாது. உசாந்தினி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, விரல்களும் நிற்கவில்லை.

மேசையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்து திரும்பவும் அடித்தது. உசாந்தினி கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து, சத்தம் வெளியே கேட்கும்படி என் காதடியில் வைத்தாள். ஜெஸீமின் உம்மாதான்.

"றபீக்கா, அந்த அக்கரைப்பத்தாள் வரல்ல. எல்லாருக்கும் எடுத்துப் பாத்திட்டம், ஒருத்தியும் வாறாளில்ல! லுஹர்த் தொழுகையோட நிக்காஹ், பொண்ணு அப்பிடியே தல விரிச்சிக்கிட்டு இரிக்காள். கெதியா வாங்க, ஓட்டோ அனுப்புறன்."

"வாறன் மாமி. ஆனா மருந்து குடிக்கிற கைதான் வரும். புதனுக்குப் புதன் கிளினிக்குக்குப் போற கை. அது வேணுமா எண்டு நீங்க ஒங்கட வாயால சொல்லோணும். சுத்தி நிக்கிற சனம் கேக்கச் சொல்லுங்க."

மறுபக்கத்தில் பாத்திரச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. அவர் எங்கேயோ ஒதுங்கிப் போனார் போலும், சத்தமெல்லாம் குறைந்தது.

"அண்டைக்கி நான் சொன்னது..." என்றார் மெல்ல.

"அது அண்டைக்கே தண்ணியோட போயிட்டு மாமி. எனக்கு ஞாபகமில்ல. ஒங்களுக்கு அது இன்னும் நெஞ்சுக்குள்ள கெடந்தா, புதன்கெழம வாங்க, வாங்குல எனக்குப் பக்கத்துல எடமிரிக்கி. இப்ப நான் கேட்டதச் சொல்லுங்க."

பிறகு பாத்திரச் சத்தமும் கூச்சலும் திரும்ப வந்தன. சனத்துக்கு நடுவில் நின்று அந்த மனுசி தொண்டையைத் திறந்தார்.

"கிளினிக்குக்குப் போற அந்தக் கைதான் எங்களுக்கு வேணும்! கேட்டுதா? இப்ப வாங்க!"

பின்னால் யாரோ பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி குரவையே போட்டாள், அது அஸ்னாவாகத்தான் இருக்க வேண்டும்.

"கேட்டிச்சி மாமி. வாறன். எண்ட தல ஈரமா இரிக்கி, காயட்டும்."

"தல காயவா! மாப்புள வந்திருவாரு!"

"வரட்டும், இரிக்கட்டும். எவ்வளவு பேருட தல காயும்வரைக்கும் நான் நிண்டிரிக்கன். இண்டைக்கு எண்ட தல காயும்வரைக்கும் ஊர் நிக்கட்டும்."

உசாந்தினி போனை மேசையில் வைத்துவிட்டு அவசரமாகத் துவாயை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"ஏன் புள்ள ஓடுறாய்? இன்னும் சம்போ போகல்ல. ஆறுதலா அலசு" என்றேன். திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டேன்.